பொன்னானி அழிமுகமும் என் மச்சினனும்

சோமனூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். சந்தையிலும் பஞ்சுக் கிட்டங்கியிலும் இதைச் சொல்லித் திரிகிறவன் என் மனைவியின் தம்பி நாச்சிமுத்து. போய்வந்தது நான், பேர் வாங்குவது அவன். அதனால்தான் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். மோட்டார் பஸ்ஸில் போய்க் கடலோரமாக நடந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழியும் செலவும் தெரிந்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் அவன் தென்னம்பிள்ளை வாங்க மலையாளத்துக்குப் போனான். வாங்கின பிள்ளையில் பாதி பட்டுப்போயிற்று, அதை யாரும் கேட்கவில்லை. பொன்னானியிலிருந்து தெற்கே சாவக்காடு வரைக்கும் கடலோரமாகவே நடந்தானாம், அதைத்தான் ஊரே கேட்டது. என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடல், கடல், கடல். என் மனைவி ராமாத்தாள் அடுப்பில் சோளச்சோறு அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் பேசி அவள் ஒரு நாளும் சோற்றை அடிப்பிடிக்க விட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

மாசி பிறந்து, சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டு முடிந்ததும், "பொறப்படு அம்மணி, கடலுக்குப் போலாம்" என்றேன்.

"நெசமாலுமுங்களா?" என்றாள். பிறகு, "தம்பியையுங் கூட்டிக்கலாங்களா? அவனுக்கு வழி தெரியுமுங்க" என்றாள்.

வழி எனக்கும் தெரியும் என்றேன். தெரியாது.

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குக் காலை ஆறு மணிக்கு முதல் பஸ். முப்பத்திரண்டு மைல், ஆளுக்குப் பதினோரு அணா. பைக்காராக் கரண்டு வந்த பிறகு ஊரைச் சுற்றி எழும்பியிருக்கும் மில் கட்டடங்கள் மறைந்து, வாளையாறு தாண்டியதும் காற்று குளிர்கிறது. வலது பக்கம் உட்காருங்கள், மலை தெரியும். பாலக்காட்டில் பஸ் மாறிப் பொன்னானிக்கு ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் கூட, ஒன்றேகால் ரூபாய். ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புறம் என்று பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போகிறது. ஆனைமலையிலிருந்து ஆழியாறு கொண்டுவரும் தண்ணீரும் அந்த ஆற்றில்தான் சேர்கிறதாம். ராமாத்தாள் ஆழியாற்றங்கரையில் பிறந்தவள். சன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

பட்டாம்பியில் டீ குடிக்க நிறுத்தியபோது டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கோயமுத்தூருங்களா? போன வருஷம் உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதே சீட்டில் வந்தாரு. வண்டி முழுக்கச் சிரிப்பா இருந்தது. நிலக்கடலை ஒரு சாக்கு வெச்சிருந்தாரு, எல்லாருக்கும் கொடுத்தாரு."

"என்ர தம்பிதானுங்க அது!" என்று ராமாத்தாள் பூரித்துப்போனாள். டிரைவர் அவள் கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டு அவனைப் பற்றி இன்னும் இரண்டு கதை சொன்னார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கடலைதான் விளைவிக்கிறேன். ஒரு சாக்கு கொண்டுவர எனக்குத் தோன்றவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மாலை நாலு மணிக்குப் பொன்னானி. கோவிலை ஒட்டிய சத்திரத்தில் தங்கினோம். அங்கேயும் சமையல்காரருக்கு அவனைத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல?

மறுநாள் விடிந்ததும் கட்டுச்சோற்று மூட்டையோடு கரைக்கு வந்தோம். கடலை நான் வர்ணிக்கப் போவதில்லை. அதை நாச்சிமுத்து நன்றாகவே செய்கிறான். தெற்கே திரும்பி, நனைந்த மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் கால் வலிக்காது. காய்ந்த மணலில் நடந்தால் ஒரு மைலிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மீன் காயவைக்கும் இடங்களைக் காற்று வரும் பக்கமாகச் சுற்றிக் கடந்துபோங்கள். மூன்று மைல் நடந்தால் புதுப்பொன்னானி. அங்கே ஓர் ஆறு கடலில் சேர்கிறது. அப்படிச் சேரும் இடத்தை அந்தப் பக்கத்தார் அழிமுகம் என்கிறார்கள். தாண்டுவதற்குத் தோணி உண்டு, ஆளுக்குக் காலணா.

தோணிக்காரர் அப்துல்லா என்ற பெரியவர். தோணிக்குள் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வேலையை முடிச்சு வரேன். கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். அப்புறம் எங்கள் பேச்சைக் கேட்டு முகம் மலர்ந்து, "நாச்சிமுத்துவோட ஆள்களா? அவர் இங்கதான் ரெண்டு மணி நேரம் என்கூட இருந்து பாட்டுப் பாடினார். இந்தப் பலகையிலதான் உக்காந்தார்" என்று தோணியின் குறுக்குப் பலகையைத் தட்டிக் காட்டினார்.

அந்தப் பலகையில் நான் உட்காருவதா?

எதிரே பார்த்தேன். ஆறு என்று பேர்தானே தவிர, கணுக்கால் தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால், அதற்கப்பால் காலால் தட்டினால் தூசி கிளம்பும் மணல் திட்டு, அப்புறம் இன்னொரு வாய்க்கால், அக்கரை. இதற்கு ஒரு தோணியா? நான் நொய்யல்காரன். எங்கள் ஆற்றில் வருஷத்தில் பத்து மாதம் வண்டிப் பாட்டைதான். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் மழைக் கருக்கல் கட்டியிருக்கிறதா என்று மேல்திசையை ஒரு பார்வை பார்ப்போம். இல்லையென்றால் ஆற்றுக்குள் மாட்டையே கட்டிவிட்டு வருவோம். இங்கே ஆறு கிழக்கிலிருந்து வருகிறது. கிழக்கே பார்த்தேன். மேகம் ஒரு பொட்டு இல்லை. "தண்ணி வராது, வா" என்று இறங்கினேன்.

"கடல் ஏறும்! நில்லுங்கோ!" என்று அப்துல்லா கத்தினார். வானமே சுத்தமாக இருக்கிறது, என்ன ஏறப்போகிறது என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். ராமாத்தாள் ஒரு கணம் கரையில் நின்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அதோடு விட்டேனா? நடுத்திட்டில் துண்டை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். நாச்சிமுத்து பாட்டுப் பாடிக் காத்துக் கிடந்த ஆற்றின் நடுவே உட்கார்ந்து நான் புளிச்சோறு தின்றேன் என்று ஊரில் சொல்ல வேண்டாமா? தின்றுவிட்டு ஒரு சாய்வு சாய்ந்தேன். காற்று சுகமாக இருந்தது.

"ஏனுங்க, எந்திரிங்க" என்று ராமாத்தாள் உலுக்கினாள். "தேங்காமட்டை ஒண்ணு மேக்கால இருந்து கெழக்கால போகுதுங்க."

ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் பிறவியில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. நான் கிழக்கையே காவல் பார்த்திருக்க, தண்ணீர் மேற்கிலிருந்து, கடலிலிருந்து ஏறிவிட்டது. திட்டு ஒரு களத்துமேட்டு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. இறங்கினோம். முழங்கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. காலடி மணல் கரைந்து போயிற்று. சோற்று மூட்டையும் செருப்பும் போயின. எனக்கு நீந்தத் தெரியாது. ராமாத்தாள் என் மேல்துண்டை முறுக்கித் தன் கையில் சுற்றிக்கொண்டு, "என்னையப் பாருங்க, தண்ணியப் பாக்காதீங்க" என்று இழுத்துப் பிடித்து நின்றாள். அப்துல்லா தோணியைக் கொண்டுவந்து இரண்டு பேரையும் ஏற்றினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னை உட்காரவைத்தது அதே பலகையில்.

அக்கரையில் நான் வேட்டியைக் காயவைத்து உட்கார்ந்திருக்க, அவள் அலையில் இறங்கிச் சிறுபிள்ளையாட்டம் குதித்தாள். வெளியங்கோடு, பாலப்பெட்டி வழியாகச் சாவக்காடு இன்னும் பத்துப் பதினோரு மைல். வெறுங்காலோடு நடந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சேர்ந்தோம். மறுநாள் அங்கிருந்து திருச்சூர், திருச்சூரிலிருந்து பாலக்காடு, எல்லாம் பஸ்தான்.

ஊர் வந்த மூன்றாம் நாள் நாச்சிமுத்து வந்தான். "அழிமுகத்துல தோணிக்கு ரொம்ப நேரம் நின்னீங்களாக்கா?"

ராமாத்தாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நிக்கலடா. உங்க மாமா எறங்கிட்டாரு. நடுவால உக்காந்து சோறே தின்னோம்" என்றாள். அத்தனையும் நிஜம். மேற்கொண்டு அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வருஷமாக என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஐயோ, என்ன சுகம்! காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நடந்தா தாண்டுனீங்க?" என்றான். பிறகு, "அப்ப நானும் பங்குனியில போயி நடந்தே தாண்டிப்போடறேன் மாமா. அந்தப் பெரியவருகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் எறங்கோணும்" என்றான்.

ராமாத்தாள் என்னைத்தான் பார்த்தாள். நான் அந்தச் சுகத்தில் இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவன் போகிறேன் என்றால் போகிறவன்.

"வேண்டாம்டா" என்றேன். "நெஞ்சு மட்டுக்கும் தண்ணி. உங்க அக்கா துண்டப் புடிச்சு நிக்கலீன்னா நான் போயிருப்பேன். உன்ர பலகையிலதான் உக்காத்தி வெச்சுக் கொண்டாந்தாங்க."

முதலில் வெலவெலத்துப்போனான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை. சந்தையில் அவன் என்னைப் போலவே கையை நெற்றிக்கு வைத்துக் கிழக்கே பார்க்கிறான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நானே ஓரமாக நின்று கேட்டேன். என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறான், பாவி.

போகிறவர்களுக்கு: மாசி பங்குனியில் போங்கள். குடிதண்ணீர் கூடவே வேண்டும். நிலக்கடலை ஒரு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மறு வருஷமும் உங்களை நினைப்பார்கள். ஆற்றைக் கண்டால் எங்களைப் போல மலைப் பக்கம் பார்க்காதீர்கள், கரையில் இருப்பவரைக் கேளுங்கள்.

நாச்சிமுத்து சொல்லும் கதையில் ஒன்று மட்டும் இல்லை. அது அவனுக்குத் தெரியாது. சாவக்காட்டுப் பாதையில் நடக்கும்போது ராமாத்தாளைக் கேட்டேன்: "நீ ஆத்தங்கரையில பொறந்தவ. அந்தப் பெரியவரு கத்துனாரு. அது சரியில்லீன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாமயா? பயந்துதான் நின்னேன்" என்றாள். "நீங்க எறங்கிப்போட்டீங்களே. உங்களுக்கு நீச்சலுந் தெரியாது. நான் மட்டும் கரையில நின்னு என்னங்க பண்றது?"

ஆகையால், தோணிக்கு நில்லுங்கள்.