மைனஸ் பதினொன்று

தூறல் பிடித்து முன்கண்ணாடி உட்புறம் பனிக்கத் தொடங்கினால் ஆவுடைத்தாய் துடைக்கத் துணி தேடுவதில்லை. ஆட்காட்டி விரலை நீட்டிவிடுகிறார். −7 + 5 × (−2). அடியில் −17 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்த பிறகுதான் துடைப்பார். தென்காசி ரயில் நிலைய வாசலில் சவாரிக்கு நிற்கும் ஆட்டோக்களில் கணக்கு ஓடுவது இது ஒன்றில்தான்.

முப்பத்தொன்பது வயது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. ஏழாம் வகுப்போடு நின்றவர். அரசு அலுவலக ஜீப் ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து தனித்தேர்வுக்குப் படிக்கிறார். போன வருடம் கணக்கு கவிழ்த்துவிட்டது. அடுத்த வண்டி இசக்கிதுரை எட்டிப் பார்த்து, “என்ன மதினி, இன்னைக்கு பிளஸ்ஸா மைனஸா?” என்பான். “பெருக்கல் முடியட்டும்லே, சொல்லுதேன்.”

மைனஸுக்கு மிரளுபவர்களுக்கு அவர் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. “வண்டிய திருப்பி நிப்பாட்டுனா ஒரு மைனஸு. ரிவர்ஸ் கியரு ஒரு மைனஸு. திருப்பி நிப்பாட்டி ரிவர்ஸ்ல போனா எங்கன போவிய? முன்னாலதான போவிய.”

இந்த ஜூலையில் ஒரு நாள், மதுரையிலிருந்து வந்த விஜயசங்கர் என்ற வங்கி அதிகாரியும் அவர் மனைவியும் ஐந்தருவிக்கு ஏறினார்கள். கண்ணாடியில் −3 − 4 × 2 = −11 என்று இருந்தது. அதிகாரி வழி நெடுகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“தப்பும்மா. மைனஸ் மூணு, மைனஸ் நாலு, சேர்ந்து மைனஸ் ஏழு. இரண்டால் பெருக்கினா மைனஸ் பதினாலு.”

“பெருக்கல்தான முதல்ல சார்?”

“இடமிருந்து வலமாப் போகணும்.”

ஐந்தருவியில் இறங்கியதும், சிப்ஸ் கடை நூர்நிஷாவின் கால்குலேட்டரை வாங்கி அவரே தட்டிக் காட்டினார். −14. ஆவுடைத்தாயின் முகம் சுண்டிவிட்டது. தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம். வீட்டில் நாற்பது பக்கம் கணக்கு போட்டு வைத்திருக்கிறார். அத்தனையும் தப்பா?

செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடைக்கு இறங்கும் படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றார்.

“இது சைபரு. அக்கா, நீங்க எண்ணுங்க” என்று அதிகாரியின் மனைவியிடம் சொல்லிவிட்டு மூன்று படி இறங்கினார். “இனி ரெண்டு ரெண்டா நாலு தடவ.” இறங்கினார். தூறலில் படி வழுக்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

“பதினொன்னு” என்றார் அந்த அம்மா மேலேயிருந்து.

“மூணையும் சேர்த்துல்ல பெருக்கணும்” என்றார் அதிகாரி.

“நாலு தடவ ரெண்டு படின்னுதான கணக்கு சொல்லுது. முன்னால எறங்குன மூணு படிய ரெண்டு மடங்கு ஆக்குன்னு யாரு சார் சொன்னா? அப்படின்னா அடைப்புக்குறில்லா போட்டிருப்பாவ.”

அதற்குள் அந்த அம்மா தன் கைபேசியில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார். −11. விஜயசங்கர் கையிலிருந்த கால்குலேட்டரை ஒரு முறை பார்த்தார், மனைவியை ஒரு முறை பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “தட்டுன வரிசையில போட்டுட்டே போகுது போல” என்று நூர்நிஷா தன் கால்குலேட்டருக்காகப் பரிந்து பேசினாள்.

தேர்வு முடிவு வந்த அன்று ஆவுடைத்தாயின் வண்டியில் பழைய குற்றாலம் போக மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிதுரை தன் கைபேசியை நீட்டி, “மதினி, பாஸு. கணக்குல எழுபத்துமூணு” என்று கத்தினான்.

அவர் சிரிக்கவில்லை. “செத்த பொறுங்க” என்று சவாரிகளிடம் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஐந்து பாட மதிப்பெண்களையும் உள்ளங்கையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். 271. திரையில் இருந்த மொத்தத்தோடு ஒத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் சிரித்தார்.