எட்டுத் தட்டுக்கு ஒருமுறை அழும் அண்ணி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றும் தடுமாறுவேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த வரியைப் பிழையென்று எண்ணித் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கணவனின் பிணத்தின்மேல் விழுந்து அழுத ஒரு பெண்ணின் அழுகையைத் திருடி, நான் பாட்டுப் போட்டேன். அது தன் குரல் என்று அவள் சொன்னபோது, அவளைப் பைத்தியக்காரி ஆக்கினேன்.

அவள் வேறு யாரோ அல்ல. என் பெரியப்பா மகனின் மனைவி கோவிந்தம்மாள். எனக்கு அண்ணி.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் பக்கம் எங்கள் ஊர். சாமை விதைப்பேன், புளி பொறுக்குவேன். மனிதர் முகம் பார்த்துப் பேச எனக்கு நா வறண்டுவிடும். இந்த வயதிலும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ லூப் எனக்குப் பிடித்துப்போயிற்று...

லூப் என்பது இதுதான். யாரோ எங்கேயோ வாசித்த ஒரு துண்டுத் தாளம். கம்ப்யூட்டரில் அதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், முடிவே இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கும். செங்கத்தில் பழைய லேப்டாப் வாங்கியபோது, கடைக்காரர் ஒரு பென் டிரைவ் நிறையப் போட்டுக் கொடுத்தார். பம்பை, உடுக்கை, நாயனம், பெண்குரல், ஆண்குரல். வாசித்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள். நான் அவர்களோடு பேச வேண்டியதில்லை.

வீட்டிலேயே உட்கார்ந்து சாமிப் பாட்டுகள் கட்டினேன். ஊரார் வியந்தார்கள்.

“அத்தினி வாத்தியமும் நீயேவா வாசிக்கிற?” என்று கேட்டார்கள்.

தலையாட்டினேன். ஒரு வாத்தியம்கூட என் கை தொட்டதில்லை! இது சின்னப் பொய். பெரிய பொய் பின்னால் வருகிறது.

மாசி மாதம் அண்ணன் புளி உலுக்க மரம் ஏறினார். கிளை முறிந்தது. கீழே பாறை. அவ்வளவுதான்.

பிணத்தை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி விழுந்து புரண்டு அழுதாள். நான் சுவரோரம் நின்றேன். சட்டைப் பையில் செல்போன் அவள் அழுகையைப் பதிந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. துக்கத்தில் கைதவறி ஓடியதா என்று நீங்கள் இரக்கத்தோடு கேட்கலாம். இல்லை! நானேதான் அழுத்தினேன். என் லேப்டாப் பெட்டியில் இருந்த பெண்குரல்கள் எல்லாம் சொல்லிக் கொடுத்து அழவைத்தவை. இவளுடையது அப்படியில்லையே என்று, பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒருவன் உங்கள் வீட்டுச் சாவில் நின்றால் அவனை என்ன செய்வீர்கள்?

கருமாதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் வெட்டி முடித்துவிட்டேன். ‘ஐயோ’ என்று தொடங்கி, மூச்சு முட்டி, குரல் உடைகிற இடம். ‘ஐ’யை வெட்டினேன். மூச்சை வெட்டினேன். பின்னால் கேட்ட பெரியம்மாவின் இருமலை வெட்டினேன். மிஞ்சியது நீண்ட ஓர் ‘ஓ’. லூப்புக்குத் தலையும் வாலும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அண்ணியின் அழுகை அழகாக ஒட்டியது. எட்டுத் தட்டுக்கு ஒருமுறை வரும்படி உடுக்கைக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று எனக்கு மகிழ்ச்சி வந்தது... ஆம், மகிழ்ச்சிதான். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் அம்மன் திருவிழா. என் பாட்டைப் போட்டார்கள். அந்த ‘ஓ’ வரும் இடத்தில் பெண்கள் சாமி வந்து ஆடினார்கள். பிறகு ஜீப்புகளில் ஏறியது அந்தப் பாட்டு. “உங்க பாட்டு போட்டா வண்டி தன்னால மேடு ஏறுதுங்கண்ணா, டீசலே வாணாம்!” என்றான் ஒரு டிரைவர். நான் கூச்சத்தோடு சிரித்தேன்.

அந்த ஜீப்பில்தான் ஒருநாள் அண்ணி சந்தைக்குப் போனாள். பாதி மலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். திரும்பி நடந்தே என் வீட்டுக்கு வந்தாள்.

“தம்பி, இன்னா தம்பி அது? அந்தப் பாட்டுல என் கொரலு கீது.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இல்லீங்க அண்ணி. அது கம்ப்யூட்டர்ல வர்றது. லூப்புன்னு பேரு. எங்கியோ கீற பொம்பள.”

“எங்கியோ கீற பொம்பளையா?” என்று கேட்டாள். “அவ புருசனும் செத்துட்டானா?”

“தெரியாதுங்க.”

பார்த்தீர்களா? நான் வாசிக்காததை எல்லாம் வாசித்தேன் என்றேன். நானே திருடியதை மட்டும் லூப் என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கருமாதி முடிந்த பிறகு செத்தவரை எண்ணிக் குரலெடுத்து அழக்கூடாது. அழுதால் போனவரின் கால் கட்டப்பட்டுவிடும். அங்கும் போக முடியாமல், வீட்டுக்குள்ளும் வர முடியாமல் வாசலில் நிற்பார். அண்ணி அந்தக் கட்டை மீறவில்லை. பதினாறாம் நாளோடு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவளுடைய அழுகை மலையெங்கும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. தன்னால்தான் கணவர் வாசலில் நிற்கிறார் என்று நம்பத் தொடங்கினாள். வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். பாட்டை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள்.

“பாட்டுல இவ கொரலாம்! அடுத்து சினிமாவுல பாடப் போறா, வழி வுடுங்க!” என்று குழாயடியில் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. “எம்புள்ள இவள புடிச்சிக்கினான்” என்று ஒரே பேச்சாக நின்றாள். நேராக என்னிடம் வந்து கேட்டாள்.

“நெசத்தச் சொல்லுடா. அது இவ கொரலா?”

ஒரு சொல் போதும்! ஒரே ஒரு ‘ஆமாம்’. பெட்டியைத் திறந்து முழு அழுகையையும் போட்டுக் காட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஊர் என்னைக் காறித் துப்பியிருக்கும், துப்பினால் துடைத்துக்கொள்ளலாம்.

“இல்ல பெரியம்மா. கம்ப்யூட்டரு” என்றேன்.

பேய் ஓட்ட மலையடிவாரத்திலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. பம்பைக்காரர்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். “நம்மாளு பாட்டுதான் கீதே, அத்தப் போடுங்க!” என்று யாரோ சொன்னார்கள்.

ஸ்பீக்கரைத் தூக்கிவந்து வைத்தவன் நான். வயரைச் சொருகியவன் நான். பாட்டைத் தட்டிவிட்டதும் என் விரல்தான்.

அண்ணியை ஈரத் துணியோடு உட்கார வைத்தார்கள். பூசாரியின் கையில் புளிய விளாறு.

“யாரு நீ? சொல்லு!”

“கோயிந்தம்மாங்க. இந்த வூட்டு மருமவ.”

அடி.

“அந்தப் பாட்டுல அழுவறது யாரு?”

“நாந்தாங்க.”

அடி.

அடிக்கு அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எட்டுத் தட்டுக்கு ஒருமுறை நான் வைத்த அழுகை, அடி விழும் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. விளாறு அவள் முதுகில் விழும்; அவள் குரல் ஸ்பீக்கரில் அழும். தாளம் பிசகவில்லை என்று என் மனத்தின் ஒரு மூலை கவனித்துக்கொண்டே இருந்தது... என்னைப் போல ஒருவனை நீங்கள் கண்டதுண்டா?

நடுவில் ஒருமுறை அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பூசாரி என் பக்கம் கையைத் தூக்கி, சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

கூட்டினேன்.

கடைசியில் அண்ணி சொன்னாள். “என் கொரல் இல்லீங்க. எங்கியோ கீற பொம்பள கொரலு.”

ஊர் மூச்சு விட்டது. அவள் உச்சி முடியில் ஒரு கொத்தை அறுத்து, அண்ணன் விழுந்த அதே புளியமரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். நான் வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அண்ணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் அந்தப் பாட்டு ஓடினாலும் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பேய் விட்டுப் போய்விட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி.

இரண்டு வருடம் கழித்து, சென்ற ஆடியில், ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“தம்பி, உன் பொட்டியில எங்கியோ கீறவங்க கொரலெல்லாம் வருதே... உங்க அண்ணங் கொரலு வருமா?”

திறந்திருந்த லேப்டாப்பை மூடினேன்.

“பாட்டெல்லாம் வாணாம் தம்பி. சும்மா ‘அடியே’ன்னு ஒரு வாட்டி கூப்ட்டா போதும். மறந்து போவுது எனக்கு.”

இருக்கிறது. என்னிடம் இருக்கிறது! அவர் சாவதற்கு முந்தின வருடம், புளியம்பழம் உதிரும் சத்தத்தை லூப் ஆக்கலாம் என்று மரத்தடியில் செல்போனை வைத்திருந்தேன். மேலே கிளையிலிருந்து அண்ணன் கத்துகிறார். “அடியே, தள்ளி நில்லு! தல மேல வுழப்போவுது!” பிறகு சிரிக்கிறார். கீழேயிருந்து அண்ணியும் சிரிக்கிறாள். இருவரும் சிரிப்பது நன்றாகக் கேட்கிறது.

கொடுத்தால் என்ன ஆகும்? அவர் குரலைப் பிடித்து வைத்தவன் என் அழுகையைப் பிடிக்காமலா இருந்திருப்பான் என்று அவள் ஒரு நொடியில் கண்டுகொள்வாள்.

“வராதுங்க அண்ணி. கம்பெனிக்காரங்க போட்டு வெச்சதுதான் வரும்.”

“சரி தம்பி. எப்பவாச்சும் கெடைச்சா சொல்லு.”

போய்விட்டாள். அவள் தெருவைத் தாண்டும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தி, அதைப் போட்டுக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். நான் மட்டும்.

அழித்துவிடவும் மனமில்லை, கொடுக்கவும் துணிவில்லை. இப்போதும் வழியில் பார்த்தால் “சாப்ட்டியா தம்பி?” என்று கேட்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

இதையெல்லாம் எங்களிடம் ஏன் சொல்கிறாய், நேரே அவளிடம் போய்ச் சொல் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் இதைத் தாளில் எழுத எனக்கு எப்படித் துணிவு வந்தது என்று நினைக்கிறீர்கள்? அண்ணிக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் இதில் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.

ஆவணி ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை.