தெரசா கைப்பற்றிய திங்கட்கிழமை மீட்டிங்

சிம்மக்கல்லில் மொத்தக் கடைகள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ராதாகிருஷ்ணனின் பள்ளிச் சீருடைக் கம்பெனி. ஆபீஸ் இங்கே. துணி வெட்டித் தைக்கிற யூனிட் சமயநல்லூரில். ஆபீஸில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவள் தெரசா. எந்தப் பள்ளிக்கு என்ன நிறம், எத்தனை சட்டை, பாவாடைக்கு எத்தனை மடிப்பு என்பதெல்லாம் அவள் நோட்டில் இருக்கும். நோட்டில் இல்லாதது தலையில் இருக்கும். மிஷன் பள்ளி வாத்தியார் மகள் என்பதால் கையெழுத்து அச்சடித்த மாதிரி வரும். அந்தக் கையெழுத்துதான் அவளுக்கு வினையாயிற்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "மீட்டிங் மினிட்ஸை நீங்களே எழுதிருங்கம்மா" என்று முதலாளி ஒரு நீள நோட்டை அவள் பக்கம் தள்ளினார். அது நடந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும், தன் ஆயுளில் ஒரு முழு வருட வேலைநேரம் மீட்டிங்கிலேயே போயிருக்கிறது என்று ஒருநாள் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அவள் கணக்குப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மீட்டிங் என்று பேர். பத்தேகாலுக்கு வடை வரும். பத்தரைக்கு முதலாளி வருவார். கட்டிங் மாஸ்டர் நல்லகாமனும் தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் சரண்யாதேவியும் சமயநல்லூரில் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி வடையைக் கையில் எடுத்தாரென்றால் சைக்கிள் கதை ஆரம்பம். வாலிபத்தில் துணி பண்டலைக் கேரியரில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மிதித்துப் போன கதை. வழியில் செயின் அறுந்துபோகும். ஒரு ஹெட்மாஸ்டர் மோர் கொடுப்பார். வருடத்துக்கு வருடம் தூரம் கூடிக்கொண்டே வந்தது. தெரசா சேர்ந்த காலத்தில் செக்கானூரணியோடு நின்ற சைக்கிள், இப்போது ஆண்டிபட்டி கணவாயில் ஏறிக்கொண்டிருந்தது. நல்லகாமனுக்குக் கண்ணைத் திறந்தபடியே தூங்கத் தெரியும். சரண்யாதேவி முந்தானைக்குள் ஒளித்துவைத்துப் பட்டன் எண்ணுவாள்.

முடிவு எடுக்கிற நேரம் வந்தால் முதலாளி, முன்பெல்லாம் தன் தம்பி பக்கம், இப்போது மகன் ராகேஷ் பக்கம் திரும்பிவிடுவார். இருவரும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார்கள். நாலே நிமிடம். எதிரில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, எந்த ஆர்டரை எடுப்பது, எந்த மெஷினை மாற்றுவது என்பதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு தமிழில், "சரி, எல்லாரும் போயி வேலையப் பாருங்க."

தெரசா நோட்டில் "விரிவாகக் கலந்தாலோசிக்கப்பட்டது" என்று எழுதி, கீழே முடிவையும் எழுதுவாள். அந்த முடிவு இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இருபத்தொரு வருடத்தில் ஒரு ஜீவனும் கேட்டதில்லை. நோட்டை யாராவது படித்தால்தானே? ஒரு தடவை போன வாரத்துப் பக்கத்தையே தேதியை மட்டும் மாற்றி எழுதி வைத்தாள். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமும் அதையே எழுதினாள். இந்தத் தடவை, "நல்லாருக்கு" என்று வேறு சொன்னார்.

இப்படி நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்த மீட்டிங்கை எழுப்பி உட்காரவைக்கக் கிளம்பினான் ராகேஷ். பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நல்ல பையன்தான், பயிற்சி வகுப்பு என்று எங்காவது போர்டைப் பார்த்தால் மட்டும் கால் தானாக உள்ளே போய்விடும். பிப்ரவரியில் ஏதோ ஒரு ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனான். மீட்டிங்குகளைக் கலகலப்பாக்குவது எப்படி என்பது பாடம். திரும்பி வரும்போது ஒரு பஞ்சுப் பந்தும், கலர் கலராக ஒட்டுத்தாள்களும், சுவரில் மாட்டுகிற சார்ட்டுகளும் கொண்டுவந்தான்.

"பந்து யார்கிட்ட வருதோ அவங்க தங்களப் பத்தி ரெண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்லணும். எது பொய்யின்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும்" என்றான். பந்து முதலில் நல்லகாமன் மடியில் விழுந்தது. அவர் அதைப் பூனைக்குட்டியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"போன வாரம் மீட்டிங்ல நான் தூங்கிட்டேன். ஐயாவோட சைக்கிள் கதை எனக்கு மனப்பாடம். இந்த மீட்டிங்குக்கு வாரதுன்னா எனக்கு அம்புட்டு ஆசை."

எது பொய் என்று கண்டுபிடிக்க யாரும் கை தூக்கவில்லை. முதலாளி வடையைக் கீழே வைத்தார். பந்து விளையாட்டு அன்றோடு சரி.

அடுத்த வாரம் ஒட்டுத்தாள். கம்பெனி முன்னேற ஆளுக்கொரு யோசனை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததும் கரண்டு வந்தது, ஃபேன் சுற்றியது, யோசனைகள் அறை முழுக்கப் பறந்தன. தெரசா குனிந்து பொறுக்கினாள். சரண்யாதேவியின் மஞ்சள் தாளில் ஒரே வரி: "யூனிட் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை. நாலு மாசம்." ராகேஷ் அதைப் படித்துவிட்டு, "இது தொலைநோக்குக்குள்ள வராதேக்கா" என்றான். சரண்யாதேவிக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டிய நிலைமை. தெரசா அன்று மினிட்ஸில் அந்த வரியை அப்படியே எழுதினாள். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரலில்தான் பெரிய கூத்து நடந்தது. வண்டியூர்ப் பக்கம் ஒரு பள்ளி, புது மாதிரியில் ஆயிரத்து இருநூறு சட்டை கேட்டிருந்தது. மாதிரிச் சட்டையைப் பள்ளியிலேயே நெஞ்சோடு வைத்துப் பிடித்து, ராகேஷ் தன் போனில் செல்ஃபி எடுத்து யூனிட்டுக்கு அனுப்பியிருந்தான். அந்த போனில் படம் இடம் வலமாக விழும். சட்டைப் பை படத்தில் வலது பக்கம் இருந்தது. நல்லகாமனுக்குச் சந்தேகம். திங்கட்கிழமை மீட்டிங்கில் கை தூக்கினார்.

"தம்பி, அந்த வண்டியூரு சட்டையில பாக்கெட்டு..."

"அண்ணே, அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல. பார்க்கிங் லாட்ல போட்டுருங்க" என்றான் ராகேஷ். சம்பந்தமில்லாத விஷயங்களைப் பிறகு பேசலாம் என்று எழுதிவைக்கிற ஒரு சார்ட்டுக்கு அதுதான் பெயர். நல்லகாமனுக்கு அது எப்படித் தெரியும்? எழுந்து கீழே போய், சந்தில் நிறுத்தியிருந்த தன் மொபெட்டைப் பார்த்தார். நன்றாகத்தான் நின்றது. இருந்தாலும் முதலாளி மகன் சொல்கிறானே என்று, பாத்திரக் கடை வாசலிலிருந்து நகர்த்தி எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு மேலே வந்தார். அதற்குள் மீட்டிங் முடிந்திருந்தது. கையில் இருக்கிற படத்தைப் பார்த்துதானே வெட்ட வேண்டும்? வெட்டினார்.

மே கடைசியில் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆயிரத்து இருநூறு சட்டையிலும் பை வலது பக்கம். பள்ளி திறக்க ஆறு நாள்.

எல்லோரும் சமயநல்லூருக்கு ஓடினார்கள். நீளமான கட்டிங் மேஜையில் சட்டைகளை மலைபோலக் கொட்டி, ஆளுக்கொரு பிளேடை எடுத்துக்கொண்டு தையல் பிரித்தார்கள். முதலாளியும் நின்றார், ராகேஷும் நின்றான். நாற்காலிக்கு இடமில்லை. கை வேலை செய்ய, வாய் தானாகத் திறந்தது. மூன்றாவது மெஷின் நூலை அறுக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அந்த நீலத் துணி ஒரு துவைப்பில் சுருங்குகிறது என்று இன்னொருத்தி எடுத்துக் காட்டினாள். படத்தை நம்பி இனி வெட்ட மாட்டேன், மாதிரிச் சட்டை என் மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று நல்லகாமன் சொன்னார். "அதான் சரி" என்றார் முதலாளி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு வருட மினிட்ஸில் இல்லாத சமாச்சாரமெல்லாம் அந்த மேஜையில் கிடந்தது.

தெரசா பிளேடைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டா? இனிமே திங்கக்கிழமை மீட்டிங்க நான் நடத்துறேன். இங்கதான், இந்த மேசையச் சுத்தி நின்னுக்கிட்டு. என்ன பேசணும்னு வெள்ளிக்கிழமையே எங்கிட்டச் சொல்லிரணும். கையில சாமான் இல்லாம யாரும் வாயத் திறக்கக்கூடாது. தைக்கிற பிள்ளைக முதல்ல பேசட்டும். நீங்க கடைசி."

"நான் கடைசியா?"

"நீங்க முதல்ல பேசுனா, அப்புறம் யாருங்கய்யா பேசுவா?"

முதலாளி மகன் பக்கம் திரும்பினார். வழக்கம்போல மொழி மாறியது. இந்தம்மாவுக்கு எம்புட்டுத் துணிச்சல் பார்த்தாயா என்றார். சொல்வது நியாயம்தானே அப்பா என்றான் மகன். சரி, இரண்டு வாரம் விட்டுப்பிடி, தானாகச் சலித்துப்போய் நோட்டோடு உட்கார்ந்துகொள்வாள் என்றார் அப்பா.

தெரசா தமிழில் சொன்னாள்: "ரெண்டு வாரம் பத்தாதுங்கய்யா. ஆறு வாரம் குடுங்க."

மேஜையைச் சுற்றி எல்லாக் கையும் நின்றது.

"ஒனக்கு... ஒங்களுக்குப் புரியுமா?"

"ஒரு பத்தொம்பது வருசமா."

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. பத்தொன்பது வருடமாக இந்தம்மா எதிரில் என்னென்ன பேசினோம் என்று அவர் மனசு பின்னால் ஓடுவதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. ராகேஷ் சட்டை மலைக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"பயப்படாதீங்கய்யா, நான் எதையும் வெளிய சொல்லல" என்றாள் தெரசா. "ஆனா கிறிஸ்மஸுக்கு நான் குடுத்துவிட்ட பிரியாணிய உப்பு சப்பில்லன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் மனசுல கெடக்கு."

நல்லகாமன் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் முதலாளியே ஒரு சட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆறு வாரம்" என்றார். சட்டைகள் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தன.

முதல் திங்கட்கிழமை படுமோசம். சுற்றி நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை. மூலையில் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சரண்யா, நீ சொல்லு" என்றாள். கையில் சாமான் வேண்டும் என்ற சட்டத்தை நினைத்துக்கொண்டு, சரண்யாதேவி கீழே கழன்று கிடந்த பழைய தாழ்ப்பாளையே கொண்டுவந்திருந்தாள். மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

தெரசா மீட்டிங்கை அங்கேயே நிறுத்தினாள். "அண்ணே, நீங்க போயி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மாட்டி முடிச்சப்புறம்தான் அடுத்த பேச்சு." நல்லகாமன் மெயின்ரோட்டு இரும்புக் கடைக்குப் போய் வந்தார். ராகேஷ் ஸ்க்ரூ முடுக்கினான். அவன் படித்த எம்.பி.ஏ.வில் சொல்லித் தராததால் முதல் ஸ்க்ரூ கோணிக்கொண்டது. இருபத்தைந்து நிமிடம் எல்லோரும் நின்றபடி காத்திருந்தார்கள். ஒரு விஷயத்தைச் சொன்னால் அது நடக்கும் என்பதை அந்தப் பெண்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

அதனால் அடுத்த வாரம் வேறு வினை. ஒருத்தியும் வாயை மூடவில்லை. மெஷினில் ஆரம்பித்து மாமியாரில் போய் நின்றது. இரண்டு பேர் அழுதார்கள். முதலாளி மணியைப் பார்த்தபடி ஒரு ஓரத்தில் சந்தோஷமாக நின்றார். ஒரு தடவை பேசியவர், மற்ற எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் மறுபடி பேசலாம் என்று தெரசா மூன்றாவது வாரம் சட்டம் போட்டாள். வடையைக் கடைசிக்கு மாற்றினாள். அது மற்ற எல்லாச் சட்டத்தையும்விட நன்றாக வேலை செய்தது. வடை வாசம் வர ஆரம்பித்ததும் பேச்சு தானாகச் சுருங்கியது. ஆறாவது வாரம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவது மெஷின் மாறியது. நீலத் துணி திரும்பிப் போனது. முதலாளி தன் முறை வரும்போது, "நான் சொல்ல வந்ததெல்லாம் இவங்களே சொல்லிட்டாங்களே" என்று குறைபட்டுக்கொண்டார். அவர் வாடிப்போவதைப் பார்த்து தெரசா மாதத்தில் கடைசித் திங்கட்கிழமை ஐந்து நிமிடம் அவருக்கென்று ஒதுக்கினாள். சைக்கிள் இப்போது தேனியைத் தாண்டிவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

ராகேஷ் இன்னும் வகுப்புகளுக்குப் போகிறான். எதைக் கற்றுவந்தாலும் முதலில் தெரசாவிடம் காட்டுகிறான். பத்தில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்கிறாள். அந்த ஒன்று பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதை அவனிடமும் சொல்கிறாள்.

இந்தச் சங்கதி எப்படியோ பங்குச் சாமியார் காதுக்குப் போய்விட்டது. சர்ச் கமிட்டிக் கூட்டம் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. "நீங்க வந்து ஒருதடவை நடத்திக் குடுங்கம்மா" என்று கூப்பிட்டனுப்பினார். ஆடித் தபசு அம்மன் மாதிரி காலூன்றி நிற்கிற கூட்டம் இல்லை அது. எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்குமேல் நாலு ஃபேன். திருவிழாச் சப்பரத்துக்கு சீரியல் லைட் போடுவதா, டியூப் லைட் போடுவதா என்பது பொருள். இளையவர்கள் முதலில் பேசட்டும் என்றாள் தெரசா. அங்கே இளையவருக்கே அறுபத்தொன்று. எழுந்து நிற்போம் என்றாள்; ஏழு பேர் மூட்டுவலி என்றார்கள். வடையைக் கடைசிக்குத் தள்ளியதில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள்.

இரண்டாம் பூசை முடிந்து உள்ளே போனவள் மத்தியானம் ஒன்றரைக்கு வெளியே வந்தாள். கணவன் ஆன்றோ வேப்பமர நிழலில் ஸ்கூட்டரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பினாள்.

"முடிஞ்சிருச்சா? என்ன முடிவு?"

"அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னு ஒரே மனசா முடிவு பண்ணியிருக்கோம்" என்றாள் தெரசா. "வண்டிய எடுங்க, பசிக்குது."