சாமி தீப்பெட்டி

போட்டாதாங் கிடங்கில் என் வாடகை லாரியில் ராணுவத்தின் பீரங்கிக் குண்டுப் பெட்டிகளை ஏற்றினார்கள். மாவ்பி முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலில் என்னைச் சோதித்தார்கள். லைட்டரையும் போனையும் கொடுத்துவிட்டேன்.

"வேற நெருப்பு ஏதாவது இருக்கா?" என்று பாதுகாப்புக்கு வந்த சார்ஜென்ட் பர்மிய மொழியில் கேட்டார்.

இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. லாரியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்திருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கற்பூரத்தோடும் பித்தளைத் தட்டோடும் இருந்த தீப்பெட்டி சாமியுடையது. அது என் நினைவுக்கே வரவில்லை.

சார்ஜென்ட் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் என் கை சாமியிடம்தான் போகும். இருபது வருடப் பழக்கம். நான் உணர்வதற்குள் அந்தப் பித்தளைத் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டு சரிந்தது. முதுகுக்குப் பின்னால், ஒரு தகரத்துக்கு அப்பால், அத்தனை பெட்டிகள்.

சார்ஜென்ட் கையை நீட்டினார். உள்ளங்கையை வைத்துச் சுடரை அப்படியே அமுக்கினார். தோல் கருகும் வாடை வந்தது.

"ஊதி அணைச்சிருக்கலாமே, சயா," என்றேன். பர்மிய மொழியில் ஐயா என்பதை அப்படித்தான் சொல்வோம்.

"நான் காளி கோவில் பக்கத்துல வளந்தவன், அகோ," என்று என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டார். "சாமி நெருப்பை வாயால ஊதக்கூடாதும்பாங்க. அந்தத் தீப்பெட்டியைக் குடுத்துட்டு வண்டியை எடுங்க."

மாவ்பி சேரும்வரை அந்தக் கையை அவர் விரிக்கவேயில்லை.

இப்போது லாரிப் பிள்ளையாருக்குப் பூ மட்டும்தான். கோவிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது எல்லோரையும் போல நானும் சுடருக்கு மேல் கையை நீட்டுகிறேன். அந்தச் சூட்டுக்கே என் கை பின்வாங்கிவிடுகிறது.