தோட்டுத் திருகும் நான்காவது ஹெட்போனும்

பிரிக்பீல்ட்ஸ் கடையில் மூன்று ஹெட்போன்களை மாட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டேன். மூன்றுமே தோட்டுத் திருகை அழுத்திக் காதுக்குப் பின்னால் குத்தின. தோட்டைக் கழற்ற எனக்கு மனமில்லை. நான்காவதன் மெத்தை ஆழமானது. தோட்டோடு காதை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. குத்தவே இல்லை! உடனே வாசலுக்கு ஓடினேன். தீபாவளிக்காக அந்தக் கடையும் எதிர்க்கடையும் போட்டி போட்டுக்கொண்டு ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டிருந்தன. ஹெட்போனை எதிலும் சொருகவில்லை, ஆனாலும் அத்தனை சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. துள்ளிக் குதிக்காத குறைதான்!

கடைக்காரரின் வாய் அசைந்தது. ஒரு பக்கத்தை விலக்கினேன்.

“அக்கா, போன்ல சொருகி ஒரு பாட்டு போட்டுப் பாருங்க லா.”

“பாட்டு கேக்கவா வாங்குறேன், பாஸ்? போன வாரந்தான் உங்க கடைக்கு மேல்மாடியில குடிவந்தேன்!”