அஞ்சரை மணிக்கு வேலை முடியும்

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்னாடியே தெரிந்துவிடும். கழிவறைக்குச் சோப்பு வரும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் நிரம்பும். தீயணைப்பு சிலிண்டரை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் எங்கேயோ மாயமாகிவிடும். கடைசியாக என்னைக் கூப்பிடுவார்கள். நான் லைன் சூப்பர்வைசர். டெய்லர்களை உட்கார வைத்து, எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியான பையர், தொழிலாளர் நலனைப் பார்க்க அனுப்பும் ஆடிட்டர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிவிடுவது என் பொறுப்பு.

"எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்பேன். "அஞ்சரைக்குங்க சார்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். "அதுக்கு மேல வேலை செய்வீங்களா?" "எப்பவாச்சும் கொஞ்ச நேரமுங்க. நாங்க விருப்பப்பட்டாத்தானுங்க." இந்த 'விருப்பப்பட்டா' வரும்போது பின்வரிசையில் யாராவது சிரித்துவிடுவார்கள். முறைப்பேன். எனக்கே சிரிப்பு வரும், என்ன செய்வது. ஒடிசாப் பையன்களுக்குத் தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் 'அஞ்சரைக்கு ஊட்டுக்குப் போயிருவமுங்க' என்பதை மட்டும் கொங்கு நாட்டிலேயே பிறந்தவன் மாதிரிச் சொல்வார்கள். எங்கள் நெருப்பெரிச்சல் வட்டாரத்தில் ஆடிட்டில் ஒரு தடவைகூடத் தோற்காத கம்பெனி எங்களுடையது என்று நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்ததும் உண்டு.

நிஜத்தில் லைனில் மெஷின்கள் நிற்க ராத்திரி ஒன்பது, ஒன்பதரை ஆகும். சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நாள் நெருங்கிவிட்டால் அதற்கும் கணக்குக் கிடையாது. வேலம்பாளையத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டும்போது தெரு அடங்கியிருக்கும்.

முதலாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிட்டிங் மெஷினுக்கு எண்ணெய் போட வந்தவர் அவர். அதனாலோ என்னவோ, படிக்கிற பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். அதை நடிப்பு என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறையில் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கும் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொது அறிவுப் போட்டி நடத்துவார். பேக்கிங் தளத்தைக் காலி செய்து, செக்கிங் மேசைகளை வரிசையாகப் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்போம். டீ நேரத்துக்கு அடிக்கிற மணிதான் போட்டி மணி. எனக்குத் தெரிந்த கம்பெனிகள் கோப்பை கொடுக்கும், சால்வை போடும், போட்டோ எடுத்து அனுப்பிவிடும். இவர் மட்டும் முதல் பரிசு வாங்குகிற பிள்ளையின் படிப்பை, கல்லூரி முடிகிறவரை, தானே ஏற்றுக்கொள்வார்.

அந்த வருஷம் பத்தாவது எழுதியிருந்த என் மகள் போட்டியில் இறங்கினாள். மாட்டு டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. மூலனூரில் அவள் மாமன் வீட்டு எருமை ஒன்று கன்று போட முடியாமல் அவள் கண் முன்னால் செத்துப்போனது. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். என் சம்பளத்தில் பிளஸ் டூ வரை எப்படியாவது இழுத்துவிடலாம். அதற்கு மேல் கல்லூரி, விடுதி என்றால் கையை விரிக்க வேண்டியதுதான். நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் அப்படி நன்றாகப் படித்த பெண்கள்தான் இன்று செக்கிங் மேசையில் நின்றுகொண்டு டீஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மகளின் முகம்தான் எனக்குத் தெரியும்.

அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எனக்கு நேரம் ஏது? காலையில் வண்டியில் பள்ளியில் கொண்டு விடும்போது மட்டும் கேள்வி கேட்பேன். நான் முன்னால் பார்த்துக் கேட்க, அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து பதிலைக் கத்துவாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் என் பங்கு. மற்றதெல்லாம் அவளே படித்தது. ஜெயித்தும் விட்டாள். மணியை முதலில் அடித்துவிட்டு, கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவாள். தெரிந்த பதிலை வாய்க்குள் வைத்திருக்கவே அவளுக்குத் தெரியாது.

பரிசளிப்பு அன்று பையரின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கம்பெனி செய்கிற நல்ல காரியத்தை அவர்களும் கண்ணால் பார்க்கட்டும் என்று முதலாளிதான் அழைத்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கோப்பையைக் கொடுத்துவிட்டு என் மகளின் தோளில் கை வைத்து, மைக்கிலேயே கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே, யாரு சொல்லிக் கொடுத்தாங்க? அப்பாவா?"

அதில் சூது எதுவும் இல்லை. பிள்ளையிடம் யாரும் கேட்கிற கேள்விதான். என் மகள் வழக்கம்போல யோசிக்காமல் சொன்னாள்: "அப்பா வாரதுக்குப் பத்து, பத்தரை ஆயிருமுங்க மேடம். ஷிப்மெண்ட்னா நான் தூங்குனதுக்கு அப்பறந்தான் வருவாருங்க. நானேதான் படிச்சனுங்க."

கூட்டம் கை தட்டியது. தானே படித்தாளாம் என்று சந்தோஷப்பட்டுத் தட்டினார்கள். அவள் சொன்னது என்ன என்று அப்புறம்தான் ஒவ்வொருவருக்கும் உறைத்தது. கைதட்டல் பாதியில் நின்றது. நான் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக் கொடுத்தவன் என் வீட்டுக்குச் சொல்ல மறந்திருந்தேன். வேலை எப்போது முடியும் என்பது அவளுக்கும் ஒரு கேள்வி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அம்மா முகம் மாறவில்லை. "அப்படியா, வெரி குட்" என்றார். இறங்கிப் போகும்போது முதலாளியிடம், அடுத்த வாரம் ஆடிட்டுக்கு வரும்போது பரிசு வாங்கிய பிள்ளைகளின் குடும்பங்களையும் பார்த்துப் பேச விரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"பாப்பா தெகிரியமாப் பேசுதுங்க. சந்தோசமா இருந்துச்சு" என்றார். "ஆனா பாருங்க, இந்த ஆர்டர் போச்சுன்னா லைனே நின்னு போயிருமுங்க. அப்பறம் ஸ்காலர்சிப்புக்கு நானு எங்கீங்க போறது?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீங்க எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தவரு. உங்களுக்கு நான் சொல்லோணுமுங்களா?"

இதைவிடப் பச்சையாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொல்கூட மரியாதை குறையவில்லை. டீயைக் குடித்து முடிக்கும்வரை பள்ளி எப்போது திறக்கிறது, எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்று விசாரித்தார்.

கேன்டீனில் எங்கள் லைன் டெய்லர் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேனிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து பல வருஷம் ஆகியும் பேச்சு மாறாதவர். "எண்ணே, எங்களால சொல்ல முடியாததை ஒங்க மக மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாயே, "ஆனா ஆர்டரு போயிருச்சுன்னா நாங்க எங்கிட்டுண்ணே போறது? ஊருல என்ன கெடக்கு?" என்றார். இரண்டையும் மனசாரத்தான் சொன்னார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் என் மனைவி தயங்கவே இல்லை. அவள் வீட்டிலிருந்தே தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவள். அன்றைக்கும் மடியில் துணியையும் கையில் கத்தரியையும் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"ஏனுங்க, ஒத்தை வார்த்தை. அஞ்சரைன்னு சொன்னாப் போச்சு. அதுல யாரு குடி முழுகிப் போகுது?"

"எம் புள்ளைக்கு நான் பொய் சொல்லிக் குடுக்க மாட்டேன்."

"ஊராமூட்டுப் புள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக் குடுக்கலாமுங்களா?"

அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது. கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றேன். தெரியாதது எனக்குத்தான். டெய்லர்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது அது எனக்குப் பொய்யாகவே தோன்றியதில்லை. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. அதையே என் மகளின் வாயில் வைத்துப் பார்த்தபோதுதான் குமட்டியது. எங்கள் வீடு ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று அவள் முதுகே சொன்னது.

அந்த வாரம் முழுக்க மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன். லைனில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஆடிட்டுக்கு டெய்லர்களைப் பழக்க உட்கார்ந்தபோது, முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. "போதும், எல்லாருக்குந் தெரிஞ்சதுதானே" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆடிட் அன்று காலை மகளை வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். மனைவி பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அதுவரை என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"கண்ணு, அந்த மேடம் என்ன கேட்டாலும் உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. அப்பாவுக்காக ஒண்ணும் மாத்திச் சொல்ல வேண்டாம். படிப்பு போனாப் போகட்டும், எப்படியாச்சும் பாத்துக்கலாம்."

எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அவள் கேட்கவில்லை. "சரிங்கப்பா" என்றாள். ரிப்பனைச் சரி செய்துகொண்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வேலை போனாலும் சரி, ஒரு காரியமாவது நேராகச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

பையர்களை உட்கார வைக்கும் ஏசி அறையில் எங்கள் மூன்று பேரையும் சோபாவில் உட்காரச் சொன்னார்கள். என் மனைவி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி வந்து, பாப்பாவுக்கு ஜூஸ் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பெங்களூர் அம்மா எதிரில் உட்கார்ந்து, மாட்டு டாக்டர் ஆசையைப் பற்றியெல்லாம் கேட்டார். மகள் எருமைக் கதையைச் சொன்னாள். அப்புறம் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "அப்பா தினமும் எத்தனை மணிக்கும்மா வருவாரு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சரைக்கு வேலை முடியுமுங்க மேடம். ஆறு மணிக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துருவாருங்க. அன்னிக்கு மேடைல பயத்துல மாத்திச் சொல்லிட்டனுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேடைமேல் இருந்த அதே நிமிர்வு, அதே வேகம். என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணும் விரிந்திருந்தது. அவளும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் பழக்கிய பதில் அவ்வளவுதானே. மகள் நிறுத்தவில்லை.

"வந்து குளிச்சுப்போட்டு எங்கூட உக்காந்துக்குவாருங்க. மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்புடுவமுங்க. அப்பாவுக்குத் தோசைன்னா உசுரு, அம்மா சுடச் சுட போடுவாங்க. கரண்ட் போச்சுன்னா மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துட்டுப் போயிருவமுங்க. காத்து நல்லா வரும். நெம்ப நேரம் பேசீட்டு இருப்பமுங்க."

இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எங்கள் வீட்டில் மொட்டை மாடி இருக்கிறது. பாயும் இருக்கிறது. ஒரு நாளும் நாங்கள் போனதில்லை. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பாய் விரிந்து கிடப்பதும் காற்று வருவதும் எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்துப் பார்த்திருந்தால் இப்படித் தங்குதடையில்லாமல் வரும்? எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அந்த அம்மா நம்பினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "கேக்கவே நல்லா இருக்கே சார். மாடியில உக்காந்து பொண்ணுகிட்ட என்ன பேசுவீங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஜூஸைக் கொண்டுவந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் வரவில்லை.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா ஒண்ணும் பேச மாட்டாருங்க மேடம்" என்றாள். "நான்தான் பேசுவனுங்க. அப்பா கேட்டுட்டே இருப்பாருங்க."

"ஆமாங்க" என்றேன்.