ஸ்டோர் ரூமில் நிறுத்திய பாடகர்

“சின்னராசுக்கு நல்ல மைக் போடாதீங்க. பழைய ஸ்டேஜ் மைக்கை ஸ்டோர் ரூமுல வெச்சுக் குடுத்துருங்க. ஹாலுக்குள்ளார வர வேண்டாம்.”

ரெக்கார்டிங் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது முதலாளி இப்படிச் சொன்னார். அறுபதுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் நான் ரெக்கார்டிஸ்டாக இருந்தேன்.

அன்றைக்குப் பாட வந்தது ‘நொய்யல் பாய்ஸ்’ குழு. மனோகரன் எலெக்ட்ரிக் கிதார், பழனிசாமி டிரம்ஸ், சின்னராசு பாட்டு. மூன்றே பேர். மில் விழாக்களிலும் காலேஜ் விழாக்களிலும் இங்கிலீஷ் மெட்டின் வேகத்தில் தமிழ்ப் பாட்டு பாடிப் பெயர் வாங்கியவர்கள். ஒருநாள் சின்னராசு இருமியபோது கர்ச்சீப்பில் ரத்தம் வந்தது. அவரைப் பெருந்துறைப் பக்கம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். டி.பி. வந்தவன் குழு என்று விழாக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். குழு கலைந்தது.

நான்கு வருஷம் கழித்துக் குணமாகி வந்தார். மெட்ராஸ் ரெக்கார்டு கம்பெனி ஒன்று, நாலு பாட்டுள்ள ஈ.பி. ரெக்கார்டு போட ஒத்துக்கொண்டது. அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

“இனி யாருக்கும் தொத்தாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்காருங்களே? நீங்களும் படிச்சீங்களே?” என்றேன்.

“சர்டிபிகேட் கெடக்கட்டுமுங்க. அந்த மைக்குல நாளைக்கு நாலு பேரு பாடோணும்.”

வெற்றிலை எச்சில் தெறிக்கப் பாடிய வித்வான்களுக்கு அதே மைக்கை இரண்டு கையாலும் நகர்த்தி வைத்தவர் அவர். அதைத் துடைத்தவன் நான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதில் பாதி என் மேலேயே வரும் ஆத்திரம். ஏனென்றால் அவர் சொன்னபடியே செய்தேன். ஸ்டோர் ரூமில் காலி டேப் ஸ்பூல் பெட்டிகளை ஒதுக்கி, பழைய மைக்கை நட்டு, கேபிள் போகிற அளவுக்குக் கதவைத் திறந்து வைத்தேன்.

முதலாளியே சின்னராசுவிடம் சொன்னார்: “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ரூமுல நின்னு பாடிப்போடுங்க. உங்களுக்கும் தொந்தரவில்ல, எங்களுக்கும் தொந்தரவில்ல.” குரலில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

சின்னராசு அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சரிங்க. எங்க நிக்கோணும்னு காட்டுங்க” என்றார்.

அந்தக் காலத்தில் தனித்தனியாக எடுத்துச் சேர்க்கிற வசதி எங்களிடம் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட வேண்டும். ஹெட்போன் ஒன்றுதான், அது என் தலையில். கிதார்காரர் தலையசைப்பதைப் பார்த்துத்தான் பாடகர் பாட்டை எடுக்க முடியும். ஸ்டோர் ரூமிலிருந்து எதைப் பார்ப்பது? முதல் டேக்கில் பல்லவியை முந்தி எடுத்தார். இரண்டாவதில் பிந்தினார். மூன்றாவதில் பாதியில் நின்றே போனார்.

“பாத்தீங்களா? நெஞ்சுல தெம்பில்ல. அதான் தாளம் ஓடுது” என்றார் முதலாளி.

தெம்பு போகவில்லை. குரலின் அளவைக் காட்டும் என் மீட்டருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல், அடுத்த டேக்குக்காக டேப்பைப் பின்னால் சுற்றினேன்.

மனோகரன் கிதாரைத் தடவிக்கொண்டே, “ரெக்கார்டு வெளிய வந்தாப் போதுமுங்க. வேண்ணா நானே பாடிர்றேன்” என்றார்.

கதவு திறந்துதான் இருந்தது. சின்னராசுவுக்குக் கேட்டிருக்கும்.

பழனிசாமி குச்சிகளைக் கீழே வைத்தார். மில்லுக்கு லீவு போட்டு வந்த மனுஷன், காலையிலிருந்து பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். ஸ்நேர் டிரம்மை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார்.

“பழனி, என்றா பண்ற?” என்றார் மனோகரன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. “மாசாமாசம் சானடோரியத்துக்குப் பஸ்ஸேறிப் போயி இவன் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுபோட்டு வந்தவன் நான். எனக்கென்னடா வந்துச்சு? நீ ஒரு தடவ வந்து எட்டிப் பாத்தியா? இவன் இங்கதான் நிக்கோணும்னா நானும் இங்கதான் வாசிப்பேன்.”

மனோகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனுஷன் செய்ததை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நல்ல மைக்கை ஹாலின் நடுவில், கிதாருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். ஸ்டோர் ரூம் கதவை முழுக்கத் திறந்து, “சின்னராசு, வெளிய வாங்க. இங்க நின்னு பாடுங்க” என்றேன்.

“அவரு அதுல பாடினா, நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க” என்றார் முதலாளி.

வீட்டில் அப்போது இரண்டு குழந்தைகள். “இந்தப் பாட்டை முடிச்சுட்டுப் பேசிக்கலாமுங்க” என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சின்னராசுவும், ஸ்நேர் டிரம்மோடு பழனிசாமியும் ஹாலுக்கு வந்தார்கள்.

அடுத்த டேக் ஓகே. முன்பு உச்சத்தில் நின்று விளையாடிய குரல் இப்போது கீழே இறங்கியிருந்தது. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கி, அவசரப்படாமல் பாடினார். மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். மற்ற மூன்று பாட்டும் பொழுது சாய்வதற்குள் முடிந்தன.

ரெக்கார்டு வந்தது. உடுமலைப்பேட்டை, கோபி பக்கமெல்லாம் கல்யாண வீடுகளில் போட்டார்கள். குழுவை மறுபடி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி என்னை உடனே அனுப்பவில்லை. வேறு ரெக்கார்டிஸ்ட் கிடைக்கும்வரை மூன்று மாதம் வைத்திருந்து, பிறகு அனுப்பினார். நான் வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டேன்.

‘அந்தக் காலம் அப்படி, நோய்க்குப் பயந்தார்கள்’ என்று இன்று சிலர் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன். சர்டிபிகேட்டை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம்.

பிறகு ஒருநாள் சின்னராசு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்து உட்காரவைத்தார்.

“மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? நீங்கதான வெளிய கூப்புட்டீங்க” என்றார். காலி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, “ஆனா மூணு டேக் உள்ள நின்னனுங்க. அடுத்தாப்ல என்னையாட்ட ஒருத்தன் வந்தா, மொத டேக்குலயே கூப்புட்டுருங்க” என்றார்.